பக்கத்து அட்டையில் விழுந்த ஓட்டைகள்

கண்ணாடிக்கடை அக்காவை ஒரு முடிவு எடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வரலாம். அவர் அப்போதும் யோசித்துக்கொண்டிருப்பார். செருப்புக் கடைக்குப் போனால் ஒரு காலில் கறுப்பு, இன்னொரு காலில் பழுப்பு என்று மாட்டிக்கொண்டு, கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கும்வரை உட்கார்ந்திருப்பார். கடைசியில் "நாளைக்கு வர்றேங்க" என்று பழைய செருப்போடு வெளியே வருவார். வீட்டுக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்று புரியாமல், கூடத்தின் நாலு சுவரிலும் நாலு நிறத்தைப் பூசிப் பார்த்தார். பல வருஷமாக அது அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய பிழைப்பே மற்றவர்களை முடிவெடுக்க வைப்பதுதான். மருந்துக்கடைக்கும் சாவி போடுகிறவருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்தக் கண்ணாடிக்கடையில் பில் போடச் சேர்ந்தவர், பிறகு கண் பரிசோதனைக்குப் படித்தார். இன்றைக்கு முதலாளி எட்டிப் பார்க்காமலே கடை ஓடுகிறது என்றால் அது அக்காவால்தான். இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, முகத்தில் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா, அதுல தெளிவா? யோசிக்காதீங்க, பட்டுனு சொல்லுங்க" என்று அதட்டுவார். வந்தவர் தடுமாறினால், "இதுக்குப் போய் இவ்ளோ தயக்கமா!" என்று வேறு கேட்பார். கேட்கிற ஆளைப் பாருங்கள்!

கோணலான கண்ணாடியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரோ எவரோ, "ஒரு நிமிஷம் குடுங்க" என்று கழற்றி, காதில் மாட்டும் கம்பியை ஒரு வளை வளைத்து, திரும்ப மாட்டிவிட்டுத்தான் டிக்கெட்டே எடுப்பார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் தயக்கம் கிடையாது.

கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பெண். அவள் அம்மாவுக்கு நேர் எதிர். மாப்பிள்ளை, தேதி, சாப்பாடு எல்லாவற்றையும் அவளே முடிவு பண்ணிவிட்டு, "அம்மா, உனக்கு யோசிக்கிற வேலையே வைக்கல" என்று வந்து நின்றாள். கல்யாணமான கையோடு இருவருக்கும் வேறு தேசத்தில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார்கள். ஊரில் மிஞ்சியது பெண்ணைப் பெற்ற அக்காவும், பையனைப் பெற்ற சம்பந்தியம்மாவும்.

சம்பந்தியம்மாவும் தனிக்கட்டைதான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்டியரிங்கைத் தொட்டாலே வியர்க்கும் ஆட்களை எல்லாம் பக்கத்தில் உட்காரவைத்து ஊர் சுற்றுகிறவர், எதற்கும் அசையாதவர். நல்ல கணீரென்ற குரல். புதுசாக ஓட்டுகிறவர்களை அக்காவின் கடைத்தெரு வழியாகக் கூட்டி வந்து, சரியாகக் கண்ணாடிக்கடை வாசலில் பிரேக் போடச் சொல்லுவார். அந்த அப்பாவி குலுங்கி நிறுத்தியதும், இவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, "சாப்பிட்டாச்சா சம்பந்தி?" என்பார். "ஆச்சு, நீங்க?" என்பார் அக்கா. வண்டி போய்விடும். பெண் போன பிறகு அக்காவின் ஒரு நாளைக்கு அதுதான் வெளிச்சம். வண்டி வராத நாளில் சாயங்காலம்வரை வாசலைப் பார்த்தபடி இருப்பார். ஆனால் இறங்கி ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க என்று கூப்பிட்டாரா? கூப்பிடலாமா வேண்டாமா என்று இன்னும் யோசனை முடியவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் ஒரே பைத்தியம்: ஏர் ரைஃபிள். துப்பாக்கி கிளப்புக்குப் போய் அட்டையைச் சுட்டுவிட்டு வருவார். "நீங்களும் வாங்களேன் சம்பந்தி, ஜாலியா இருக்கும்" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். துப்பாக்கி என்ற சொல்லே அக்காவுக்கு ஆகாது. பலூன் உடைந்தாலே காதைப் பொத்திக்கொள்கிற ஆள். இரண்டு தடவையும் "பாக்கலாங்க" என்று மழுப்பிவிட்டார்.

அப்போதுதான் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, விஷயம் தெரியுமா? அத்தை இந்த ஊரையே விட்டுப் போயிடலாமான்னு இருக்காங்க. அவங்க தங்கச்சி ஊருக்கு. ஸ்கூலை வாங்கிக்க ஆள்கூட வந்தாச்சாம்."

அக்கா பதறினார். "ஏன்டி, என்ன ஆச்சு?"

"என்ன ஆகணும்? தனியா இருக்காங்க. நீ ஒரு வார்த்தை போகாதீங்கன்னு சொல்லேன்."

"நான் யாருடி சொல்றதுக்கு? அவங்க தங்கச்சி, அவங்க இஷ்டம். ஏதாவது நினைச்சுக்கப் போறாங்க."

"அப்ப யோசிச்சுக்கிட்டே இரு. அவங்க போய்ச் சேர்ந்தப்புறம் முடிவு சொல்லு" என்று பெண் வைத்துவிட்டாள். வாய் நீளம்தான். ஆனால் பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை.

அன்றைக்கு அக்கா ஒரு வாடிக்கையாளருக்குப் படிக்கிற கண்ணாடிக்குப் பதில் வெயில் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மனசு முழுக்க ஒரே ஒரு சொல்: போகாதீங்க. அதைச் சொல்ல ஓர் உறவு வேண்டும், உரிமை வேண்டும், நேரம் வேண்டும் என்று என்னென்னவோ கணக்குப் போட்டார். சனிக்கிழமை சாயங்காலம் சம்பந்தியம்மா போன் செய்து, "சம்பந்தி, நாளைக்குக் கிளப்புக்கு..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் "வர்றேன்" என்று சொல்லிவிட்டார் அக்கா. சொன்ன பிறகு, அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தாமே திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிரைவிங் ஸ்கூல் வண்டி வந்தது. அதில் பக்கத்து ஸீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. பதற்றத்தில் அக்கா காலை ஊன்றும்போதெல்லாம் வண்டி நடுத்தெருவில் தலையாட்டி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் என்னென்னவோ வாழ்த்தினார்.

"சம்பந்தி, காலை மடக்கி ஸீட்டு மேல வச்சுக்குங்க. இல்லாட்டி நாம அடுத்த ஞாயித்துக்கிழமைதான் போய்ச் சேருவோம்" என்றார் சம்பந்தியம்மா. அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். இப்போது சொல்லிவிடலாமா? இல்லை, வண்டி ஓட்டுகிறவரிடம் இப்போது பேசக்கூடாது. திருப்பம் வந்தது, சிக்னல் வந்தது, கிளப்பே வந்துவிட்டது. சொல் வரவில்லை.

அந்தக் கிளப் ஒரு காலத்தில் டயர் கிடங்காக இருந்த நீளமான கூடம். உள்ளே இன்னும் ரப்பர் வாசனை அடிக்கும். ஒரு பக்கம் மேஜைகள் வரிசையாக, தரையில் ஒரு சிவப்புக் கோடு, எதிர்ச் சுவரோரம் உள்ளங்கை அகல அட்டைகள், அட்டை நடுவில் கறுப்பு வட்டம். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சின்னச் சக்கரம். சுற்றினால் அட்டை கம்பியில் ஓடி நம்மிடம் வரும். அந்தக் கூடத்துக்கு அதிகாரி ஒரு பேக்கரிக்காரர். வாரம் முழுக்க ரொட்டி சுட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துவிடுகிறார். புருவத்தில் மாவு மிச்சம் இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடி வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"வாங்கம்மா, முதல் தடவையா? பயப்படாதீங்க..." என்று அவர் தொடங்குவதற்குள் அக்கா அவர் கண்ணாடியைக் கழற்றி வளைத்து மாட்டிவிட்டார். பேக்கரிக்காரர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "அட, சுவர் நேரா இருக்கே!" என்றார். அப்போது எல்லோரும் சிரிக்கத் தொடங்கியதுதான், அன்றைக்கு முழுக்க யாரும் சரியாக நிறுத்தவில்லை.

சம்பந்தியம்மா சிரித்தாலும் பாடத்தில் கறார். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார். காதுக்கு இரண்டு கிண்ணம் மாதிரி ஒரு சாதனம். அதை மாட்டியதும் உலகமே தலையணைக்குள் போன மாதிரி ஆகிவிட்டது. பிறகு துப்பாக்கியை மேஜைமேல் காட்டினார்.

"இதோ, குழாய் மடங்கித் திறந்து கிடக்குதா? இப்படித் திறந்து கிடந்தா இது வெறும் இரும்பு. ஆனாலும் குண்டு இருக்குன்னே நினைச்சுக்கணும். இதோட மூக்கு எப்பவும் சுவரைப் பாத்து. உங்களைப் பாக்கக் கூடாது, என்னைப் பாக்கக் கூடாது, கூரையைக்கூடப் பாக்கக் கூடாது. யாராவது கூப்பிட்டா நீங்க திரும்பலாம், அது திரும்பக் கூடாது. விரல் விசைக்கு வெளியிலயே நீட்டி இருக்கட்டும். சுடணும்னு தோணறப்பதான் உள்ள போகணும். சந்தேகம் வந்தா என்ன செய்வீங்க?"

"யோசிப்பேன்."

"கீழ வச்சிட்டு யோசிங்க. இங்க தயங்கறவங்களைத்தான் எங்களுக்குப் பிடிக்கும். அவசரக்காரங்களை வாசல்லயே நிறுத்திடுவோம்."

அக்காவின் ஆயுளில் அவருடைய தயக்கத்தை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. முகம் சிவந்துவிட்டது. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்தார், மூன்று தரம் கேட்டார். மிளகு அளவு ஈயக்குண்டைப் போட்டுக் குழாயை மூடினார். மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து வலது தோளில் முட்டுக்கொடுத்தார். ஒரு கண்ணை மூடப் பார்த்தார். கூடவே இன்னொன்றும் மூடிக்கொண்டது. ஒற்றைக் கண் சிமிட்டல் அவருக்கு வாழ்க்கையில் கைகூடியதே இல்லை.

"ரெண்டும் திறந்தே இருக்கட்டும்மா, அதுதான் நல்லது" என்றார் பேக்கரிக்காரர்.

மூச்சை விட்டார். பாதியில் நிறுத்தினார். மறுபடி மூச்சை விட்டார். வலப்பக்க மேஜையில் இருந்த ஒரு பிளம்பர் தம்முடைய ஒரு சுற்றையே முடித்துவிட்டார். அக்கா விரலை உள்ளே வைத்தார், எடுத்தார், வைத்தார். எப்படியோ விசை அழுந்திவிட்டது.

டப்.

அவ்வளவுதானா! சோடா பாட்டில் மூடியைத் திறந்தால்கூட இதைவிடச் சத்தம் வரும். இதற்கா இரண்டு தடவை மழுப்பியது? அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துப்பாக்கியை ஒழுங்காகத் திறந்து கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கையை நீட்டினார். கல்லூரிப் பெண் கெட்டாள்.

அவர் தேறிவிட்டார் என்று பேக்கரிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சம்பந்தியம்மா இடப்பக்க மேஜைக்குப் போய்த் தம் அட்டையைச் சுடத் தொடங்கினார். அக்கா ஐந்து குண்டு சுட்டார். சக்கரத்தைச் சுற்றினார். அட்டை வந்தது, சலவை செய்த சட்டை மாதிரி. ஒரு பொட்டு ஓட்டை இல்லை. திரும்ப அனுப்பி, இன்னும் ஐந்து. மறுபடி சலவைச் சட்டை.

"பரவாயில்லம்மா, முதல் நாள்" என்றார் பேக்கரிக்காரர். அக்காவுக்குச் சுருக்கென்றது. குண்டு வெளியே போவதைக் காதால் கேட்டாயிற்று. சுவரிலும் இல்லை, அட்டையிலும் இல்லை என்றால் எங்கே போகிறது? சரி, நமக்கு எதுதான் நேராகப் போயிருக்கிறது என்று உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து இடப்பக்கத்தில் சம்பந்தியம்மா தம் சக்கரத்தைச் சுற்றி அட்டையை எடுத்தவர், விழித்தார்.

"என்னங்க இது? நான் அஞ்சுதான் போட்டேன். இதுல ஊர்ப்பட்ட ஓட்டை இருக்கு! அட்டை குட்டி போட்டிருக்கா?"

பேக்கரிக்காரர் ஓடி வந்து, நேராக்கப்பட்ட கண்ணாடியை அட்டைமேல் ஒட்டினார். சம்பந்தியம்மா சுட்டவை நடுவட்டத்தில் இருந்தன. மற்றவை எல்லாம் அட்டையின் வலது ஓரத்தில், ஒரு சட்டைப் பொத்தான் வைத்தால் மறைந்துவிடுகிற இடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. அவர் அக்காவைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க ஒண்ணுகூடத் தப்பா சுடலை. எல்லாம் ஒரே இடம். இடம்தான் அடுத்த வீடு!"

"நான் என் வட்டத்தைத்தானே பாத்தேன்?"

"எந்தக் கண்ணால பாத்தீங்க?"

"ரெண்டாலயும். நீங்கதானே சொன்னீங்க" என்ற அக்கா, சட்டென்று வாயை மூடிக்கொண்டார். உள்ளே ஏதோ ஒன்று தட்டியது. எழுந்தார். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களைக் கூட்டி நடுவில் ஒரு சின்னச் சந்து விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சம்பந்தி, என் இடது கண்ணைப் பொத்துங்க."

பொத்தினார். கடிகாரம் காணாமல் போய்விட்டது.

"வலதைப் பொத்துங்க."

கடிகாரம் ஜம்மென்று நடுவில் உட்கார்ந்திருந்தது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைக்கு கான்டாக்ட் லென்ஸ் கேட்டு வருகிறவர்களை எல்லாம் இதே மாதிரி கையை நீட்டச் சொல்லி, "ரெண்டு கண்ணுல ஒண்ணு முதலாளி, இன்னொண்ணு வேலைக்காரன். உங்களுக்கு முதலாளி எதுன்னு பாப்போம்" என்று பெருமையாகச் சோதிக்கிறவர் அவர். ஊரில் பாதிப்பேருடைய முதலாளிக் கண் எதுவென்று அவருக்கு மனப்பாடம். தம்முடையதை ஒருநாளும் பார்த்ததில்லை. அது இடது! இடது கண் பார்க்க, வலது தோள் சுட, குண்டுகள் வரிசையாகச் சம்பந்தி வீட்டுக்குக் குடிபோயிருக்கின்றன.

"வெளிய சொல்லிடாதீங்க, கடைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க!" என்று அவர் கண்ணில் நீர் வரச் சிரிக்க, சம்பந்தியம்மா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிக்க, பிளம்பர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்.

பிறகு எல்லாவற்றையும் இடப்பக்கத்துக்கு மாற்றினார்கள். இடது தோள், இடது கன்னம், இடது விரல். குழந்தைக்கு முதல் தடவை சட்டை மாட்டுவது போலச் சம்பந்தியம்மா பொறுமையாக ஒவ்வொரு கையாக எடுத்து வைத்தார். முதல் பாடத்தை ஒரு வரி விடாமல் மறுபடி சொன்னார். அக்காவும் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொன்னார். டப். திறந்து, போட்டு, மூடி, டப். இந்தத் தடவை யோசனை என்று ஒன்று வரவே இல்லை. வட்டம் தெரிந்தது, விரல் போனது.

சக்கரத்தைச் சுற்றினார். அட்டை ஆடி ஆடி வந்தது. கறுப்பு வட்டத்துக்குள் நாலு ஓட்டை. ஒன்று நட்டநடுவில்.

அக்காவுக்குத் தலை கால் புரியவில்லை. அட்டையைப் பிளம்பரிடம் காட்டினார், பேக்கரிக்காரரிடம் காட்டினார், தண்ணீர் கொண்டுவந்தவரை நிறுத்திக் காட்டினார். வாயெல்லாம் பல். "நான்தாங்க! நானேதான்!" என்று அறிமுகம் வேறு. உடனே வேறு அட்டையை மாட்டி இன்னொரு சுற்று உட்கார்ந்தார்.

சம்பந்தியம்மா அவர் காதுக் கிண்ணத்தை ஒரு பக்கம் தூக்கி, "பிரமாதம் சம்பந்தி. இனிமே நான் இல்லாட்டியும் நீங்க தனியாவே வந்துக்கலாம். பேக்கரிக்காரர் பாத்துப்பார்" என்றார். கிண்ணத்தை விட்டுவிட்டுத் தம் மேஜைக்குத் திரும்பினார்.

நான் இல்லாட்டியும். தனியாவே. அக்கா குழாயைத் திறந்தார், குண்டை எடுத்தார், துப்பாக்கியை மூக்கு சுவரைப் பார்க்க மேஜையில் வைத்தார். அந்த நிலையிலும் ஒழுங்கு தப்பவில்லை. பிறகு திரும்பி, அந்தச் சொல்லைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னதாக அவர் நினைப்பு. காதில் கிண்ணம் இருந்தால் நம் குரல் நமக்குத் தெரியாதே!

"போகாதீங்க!"

கூரைத் தகரம் அதிர்ந்தது. அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுடும்போது யார், எதற்காக அலறினாலும் சரி, அதே நொடியில் எல்லாம் நிற்க வேண்டும். "நிறுத்து!" என்று பேக்கரிக்காரர் கத்தினார். எல்லாத் துப்பாக்கிகளும் திறந்தன, கீழே இறங்கின. எல்லோரும் சிவப்புக் கோட்டை விட்டு இரண்டடி பின்வாங்கிக் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"யார் சத்தம் போட்டது? என்ன ஆச்சு?"

அக்கா காதுக் கிண்ணத்தைக் கழற்றினார். கூடமே அவரைப் பார்த்தது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வண்டிச் சாவி சம்பந்தியம்மாவிடம் அல்லவா இருக்கிறது?

"ஒண்ணுமில்லங்க. இவங்க ஊரை விட்டுப் போறாங்க. போகக் கூடாதுன்னு சொன்னேன். இவங்க போயிட்டா எனக்கு இந்த ஊர்ல யாருமே கிடையாது." சொல்லிவிட்டார். மூச்சு வாங்கியது.

பேக்கரிக்காரர் மாவுப் புருவத்தைத் தடவினார். "பாருங்கம்மா, நிறுத்துன்னு ஒரு தடவை சொல்லிட்டா, நிறுத்தின காரணம் தீர்ற வரைக்கும் மறுபடி தொடங்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. விதி விதிதான். நாங்க எல்லாரும் நிக்கறோம். நீங்க ரெண்டு பேரும் தீத்துக்குங்க."

பிளம்பர் கையைக் கட்டியபடி ஆமாம் என்று தலையாட்டினார். எல்லோரும் சம்பந்தியம்மா பக்கம் திரும்பினார்கள். எத்தனையோ பேரை நடுரோட்டில் அதட்டி ஓட்டவைத்த அவர் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"பையன்கிட்ட கேட்டேன். உங்க இஷ்டம்மான்னான். தங்கச்சிகிட்ட கேட்டேன். வர்றதுன்னா வான்னா. கடைவாசல்ல வண்டியை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன், கிளப்புக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். உங்க பொண்ணை என் பையன் அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போயிட்டான்னு உங்களுக்கு என் மேல கோபம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் சம்பந்தி. போகாதேன்னு என்கிட்ட ஒருத்தர்கூடச் சொல்லல." பிறகு அடங்கிய குரலில் சொன்னார்: "நான் போகல."

"கேக்கல" என்றார் கடைசி மேஜையில் நின்ற யாரோ.

"போகலைங்க!" என்று சம்பந்தியம்மா கத்தினார்.

"காரணம் தீர்ந்தது. எல்லாரும் தொடங்கலாம்" என்றார் பேக்கரிக்காரர்.

டப் டப் என்று கூடம் மறுபடி சுடத் தொடங்கியது. அவர்கள் இருவர் மட்டும் துப்பாக்கியைத் தொடவில்லை. பின்னால் இருந்த பெஞ்சில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கிளப் மூடுகிறவரைக்கும் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.